வறட்சிக்கு முன்னே வரும் சேதி: பயிரைக் காக்கும் இயற்கை உயிரூக்கிகள்

வயலில் நிற்கும் பயிர், தன் மரபணு அனுமதிக்கும் முழு விளைச்சலை அநேகமாக எந்த ஆண்டிலும் தருவதில்லை. அமெரிக்கத் தாவர உடலியல் அறிஞர் ஜான் பாயர் 1982-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில், எட்டு முக்கியப் பயிர்களின் சாதனை விளைச்சலையும் சராசரி விளைச்சலையும் அருகருகே வைத்துப் பார்த்தார். சராசரி, சாதனையில் கால்பங்கைக்கூட எட்டவில்லை. பூச்சி, நோய், களை மூன்றும் சேர்ந்து பறித்தது இந்த இடைவெளியில் சிறு பங்குதான். சாதனை விளைச்சலில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர்ப் பற்றாக்குறை, உவர், வெப்பம், குளிர், வளம் குன்றிய மண் ஆகியவற்றால் போயிருந்தது.

புழுவும் நோயும் கண்ணுக்குத் தெரிவதால் அவற்றுக்கு மருந்து தேடும் தொழில் பெரிதாக வளர்ந்தது. வெயிலுக்கும் உப்புக்கும் அப்படி ஒரு மருந்து கிடையாது. ஆனால் கடற்பாசிச் சாறு, மட்கிலிருந்து கிடைக்கும் ஹ்யூமிக் அமிலம், முருங்கை இலைச் சாறு, இலையிலும் வேரிலும் வாழும் சில நுண்ணுயிர்கள் ஆகியவற்றை மிகச் சிறிய அளவில் கொடுத்தால், பயிர் இத்தகைய நெருக்கடிகளைக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கிறது. இவற்றை அறிவியலாளர்கள் உயிரூக்கிகள் என்கிறார்கள். உரக்கடையில் பெரும்பாலும் ‘டானிக்’ என்ற பெயரில் விற்பனையாகின்றன. இவை உரமுமல்ல, பூச்சிமருந்துமல்ல. இவை எப்படி வேலை செய்கின்றன என்பதை அறிய, நெருக்கடியின்போது செடிக்குள் நடப்பதை முதலில் பார்க்க வேண்டும்.

செடிக்குள் நடப்பது

மண் காயத் தொடங்கியதும் அதை முதலில் உணர்வது வேர். அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோன் செடிக்குள் பெருகி இலைகளுக்குச் செல்கிறது. இலைகளின் அடிப்பக்கத்தில் அதிகமாக இருக்கும் இலைத்துளைகளைக் காக்கும் செல்கள், இந்த ஹார்மோன் வந்ததும் தம்மிடமுள்ள பொட்டாசியத்தை வெளியேற்றித் தளர்கின்றன, துளை மூடிக்கொள்கிறது. நீராவி வெளியேறுவது நிற்கிறது. ஆனால் அதே துளை வழியாகத்தான் கரியமில வாயுவும் உள்ளே வர வேண்டும். உணவு தயாரிக்கக் கரியமில வாயு இல்லை, வெயிலோ நிற்காமல் அடிக்கிறது. பச்சையம் உள்வாங்கிய ஒளியாற்றலுக்குச் செலவு வழி அடைபட்டுப் போகிறது. அந்த ஆற்றல் ஆக்சிஜன் மீது பாய்ந்து, சூப்பர்ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற தீவிர ஆக்சிஜன் வகைகளை உண்டாக்குகிறது. இவை செல்சவ்வின் கொழுப்பையும் புரதத்தையும் மரபணுப் பொருளையும் சிதைக்கின்றன. வறட்சியில் இலை வெளுத்துக் கருகுவதற்குத் தண்ணீர்க் குறைவோடு இந்தச் சிதைவும் காரணம்.

உவர்நிலத்தில் நெருக்கடி இரண்டு கட்டமாக வருகிறது. உப்பு மிகுந்த மண்ணில் தண்ணீர் இருந்தாலும் வேரால் அதை எளிதில் உறிஞ்ச முடியாது. இது வறட்சிக்குச் சமம். நாள்கள் செல்லச் செல்ல சோடியம் இலைகளில் சேர்கிறது. பொட்டாசியம் செய்ய வேண்டிய வேலைகளின் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்ள, ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகள் தடுமாறுகின்றன. முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து கருகுவது இந்த இரண்டாம் கட்டத்தின் அடையாளம். பயிருக்குப் பயிர் தாங்கும் அளவு வேறு: மண் கரைசலின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே நெல் விளைச்சல் குறையத் தொடங்கும், பார்லி 8 வரை அசைந்து கொடுக்காது.

வெப்பத்தின் தாக்குதல் இன்னும் குறுகிய நேரத்தில் முடிந்துவிடும். நெல் பூக்கும் வேளையில் 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒரு மணி நேரம் நீடித்தாலே மகரந்தம் செயலிழக்கலாம். செடி பச்சையாகவே நிற்கும், கதிரில் பாதி பதராக இருக்கும்.

இவ்வளவுக்கும் செடி கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. தீவிர ஆக்சிஜனை அடக்கச் சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் என்ற நொதிகளைச் சுரக்கிறது. செல்லுக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்க ப்ரோலின், கிளைசின் பீட்டைன், சில சர்க்கரைகள் ஆகியவற்றைச் சேமிக்கிறது. வெப்பத்தில் புரதங்கள் உருக்குலையாமல் தாங்க வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை உண்டாக்குகிறது. சோடியத்தைச் செல்லின் நடுவிலுள்ள நுண்குமிழுக்குள் தள்ளி அடைத்து வைக்கிறது. கருவிகளெல்லாம் இருக்கின்றன, குறை நேரத்தில்தான். நெருக்கடி முற்றிய பிறகு தற்காப்பு ஏற்பாடுகள் தொடங்குவதால், அவை முழு வேகத்தை எட்டுவதற்குள் சேதம் நடந்துவிடுகிறது. உயிரூக்கிகளின் பயன் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. அவை செடிக்குப் புதிதாக ஒரு வலிமையைக் கொடுப்பதில்லை. வலிமையை முன்கூட்டியே திரட்டும்படி சேதி சொல்கின்றன. அச்சேதியைப் பெற்ற செடியில் தற்காப்பு மரபணுக்கள் அரைத்தயார் நிலைக்கு வந்துவிடுகின்றன. பிறகு உண்மையான வறட்சி வரும்போது அதன் எதிர்வினை விரைவாகவும் வலுவாகவும் இருக்கிறது.

இந்தக் கருத்தின் வேர் பயிரியலில் இல்லை என்பது சுவையான செய்தி. 1933-இல் ஒடேசாவின் கண் மருத்துவர் விளாதிமிர் ஃபிலாத்தோவ், நெருக்கடிக்கு உள்ளான உயிரினத் திசுக்களில் உண்டாகும் பொருள்கள் மற்ற உயிர்களின் வளர்சிதை மாற்றத்தைத் தூண்டக்கூடும் என்று முன்வைத்தார். பயிர்களைக் குறித்து உயிரூக்கி என்ற கருத்தை இன்றைய பொருளில் வரையறுத்தவர்கள் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் புல்வெளிகளை ஆராய்ந்தவர்கள். 1990களின் இறுதியில், மிகச் சிறிய அளவிலேயே தாவர வளர்ச்சியைத் தூண்டும் பொருள் என்று அவர்கள் சொன்னார்கள். ‘மிகச் சிறிய அளவு’ என்பதுதான் அதில் முக்கியம். ஏக்கருக்கு மூட்டைக் கணக்கில் இடுவது உரம். லிட்டர் கணக்கில், சில சமயம் மில்லி கணக்கில் கொடுப்பது உயிரூக்கி.

கடலிலிருந்து வந்த சாறு

உயிரூக்கிகளில் அதிகமாக ஆராயப்பட்டது கடற்பாசி. அயர்லாந்து, ஸ்காட்லாந்து, பிரான்சின் பிரிட்டானி கரையோர மக்கள் பல நூற்றாண்டுகளாகக் கடற்பாசியை வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோனார்கள். அயர்லாந்தின் ஆரன் தீவுகளில் வெறும் பாறைமேல் மணலையும் பாசியையும் மாறிமாறிப் பரப்பி மண்ணையே உருவாக்கினார்கள். ஆனால் ஈரப்பாசியைத் தொலைதூரம் கொண்டுபோக முடியாது. 1940களின் இறுதியில் பிரிட்டனின் உயிர்வேதியியல் அறிஞர் ரெஜினால்டு மில்ட்டன், பாசியைக் காரத்தோடு அழுத்தத்தில் வேகவைத்துத் திரவமாக்கும் முறையைக் கண்டார். அந்தத் திரவத்தைத் தண்ணீரில் கலந்து இலைமேல் தெளிக்கலாம் என்றானதும் கடற்பாசி எருவின் கதை மாறியது. இலைமேல் தெளிக்கும் சில லிட்டர் திரவத்தில் தழை, மணி, சாம்பல் சத்துகள் மிகச் சொற்பம். அப்படியிருந்தும் பயிர் பச்சைகட்டியது. உரச்சத்தைக் கொண்டு இதை விளக்க முடியவில்லை.

உலகச் சந்தையில் இன்று முன்னணியில் நிற்பது அஸ்கோஃபில்லம் நோடோசம் என்னும் பழுப்புப் பாசி. வட அட்லாண்டிக் பாறைகளில் ஓதமட்டத்துக்கு நடுவே வளர்வது. ஒருநாளில் இருமுறை கடல் பின்வாங்க, இது வெயிலிலும் காற்றிலும் காய்ந்து கிடக்கும், குளிர்காலத்தில் உறையும், மீண்டும் உப்புநீரில் மூழ்கும். இந்த அலைக்கழிப்பைத் தாங்க அது மேனிட்டால் என்னும் சர்க்கரை ஆல்கஹாலையும் பீட்டைன்களையும் பாலிஃபீனால்களையும் உடலில் நிறைத்து வைத்திருக்கிறது. செல்சுவரில் ஆல்ஜினேட், ஃபியூகாய்டான் என்ற சிக்கலான சர்க்கரைத் தொடர்கள் உள்ளன. சேமிப்பு உணவாக லாமினாரின் இருக்கிறது.

சாற்றில் சைட்டோகைனின், ஆக்சின் ஆகிய வளர்ச்சி ஹார்மோன்கள் இருப்பதால்தான் பயிர் வளர்கிறது என்று நெடுநாள் நம்பப்பட்டது. அளந்து பார்த்தபோது, தெளிக்கும் கரைசலில் அவற்றின் அளவு மிகக் குறைவாக இருந்தது. அஸ்கோஃபில்லம் சாற்றை அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடிக்குக் கொடுத்துச் செய்த, 2013-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதைத் தெளிவாக்கியது: செடி தன் ஹார்மோன்களைத் தானே கூட்டியும் குறைத்தும் தயாரிக்கும்படி சாறு தூண்டுகிறது, சைட்டோகைனினும் அப்சிசிக் அமிலமும் ஏறுகின்றன, ஆக்சின் இறங்குகிறது. அதாவது வெளியிலிருந்து வருவது ஹார்மோன் அல்ல, கட்டளை.

அந்தக் கட்டளையைக் கொண்டுவருவதில் சர்க்கரைத் தொடர்களுக்குப் பங்கு உண்டு. லாமினாரின் பீட்டா குளுக்கான் வகையைச் சேர்ந்தது. நோய்ப் பூசணங்களின் செல்சுவரிலும் இவ்வகைப் பொருள் இருக்கிறது. இலையின் செல்சவ்விலுள்ள உணர்விகள் அதைத் தொட்டதும் பகைவன் வந்துவிட்டதாகக் கணக்கிடுகின்றன. கால்சியம் அயனிகள் செல்லுக்குள் பாய்கின்றன. தீவிர ஆக்சிஜன் சிறு அலையாக எழுந்து அடங்குகிறது. தற்காப்பு மரபணுக்கள் விழிக்கின்றன. பகைவன் வரவில்லை, ஆனால் விழிப்பு மிச்சம். பூசணத்துக்கு எதிரான விழிப்பும் வறட்சிக்கு எதிரான விழிப்பும் ஒரே சைகை வழிகளைப் பங்கிட்டுக்கொள்வதால், ஒன்றுக்குச் செய்த ஏற்பாடு மற்றதற்கும் ஓரளவு உதவுகிறது.

வறட்சியில் இது எப்படிப் பலிக்கிறது என்பதை 2017-இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்று படிப்படியாகக் காட்டியது. அஸ்கோஃபில்லம் சாறு பெற்ற செடிகளுக்கும் பெறாத செடிகளுக்கும் ஒரே நாளில் தண்ணீர் நிறுத்தப்பட்டது. சாறு பெற்றவை, மண் இன்னும் ஈரமாக இருக்கும்போதே இலைத்துளைகளைப் பாதி மூடி வைத்திருந்தன. தொடக்க நாள்களில் இதனால் சற்று நட்டம்தான். ஒளிச்சேர்க்கை கொஞ்சம் குறைந்தது. ஆனால் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிட்டதால், மற்றவை துவண்டுபோன இறுதிக் கட்டத்திலும் இவற்றின் ஒளிச்சேர்க்கை அமைப்பு சிதையாமல் நின்றது. முன்னெச்சரிக்கைக்கு ஒரு விலை உண்டு என்பதையும் அந்த ஆய்வு சேர்த்தே சொல்கிறது. வறட்சி வராத ஆண்டில் அந்த விலையைத் திருப்பித்தர யாரும் இல்லை.

தமிழகக் கரைக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. மன்னார் வளைகுடாவின் பாசிகளைச் சேகரிக்கும் பெண்கள் சர்காசம் வகைப் பழுப்புப் பாசியைக் கட்டக்கோரை என்கிறார்கள். ஆல்ஜினேட் ஆலைகளுக்குப் போவது அதுதான். உயிரூக்கியாகப் பேர் வாங்கியது வேறொன்று: காப்பாஃபைகஸ் அல்வரேசி. பிலிப்பீன்ஸ் கடலைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செம்பாசி, இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் பகுதியில் மூங்கில் தெப்பங்களில் கட்டி வளர்க்கப்படுகிறது. சுமார் 45 நாளில் அறுவடைக்கு வரும். கராஜீனன் என்னும் கூழ்மப் பொருளுக்காக அதைக் காயவைத்து ஆலைக்கு அனுப்புவதே வழக்கமாக இருந்தது. காயும்போது அதன் சாறு வீணாகியது. குஜராத்தின் பவநகரில் தலைமையகம் கொண்ட மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம், ஈரப்பாசியை அப்படியே அரைத்துச் சாற்றைத் தனியாகவும் கராஜீனன் நிறைந்த சக்கையைத் தனியாகவும் பிரிக்கும் முறையை உருவாக்கி, 2005-இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றது. வேகவைப்பதோ காரமோ இல்லை. ஒரே பாசியில் இரண்டு வருமானம்.

அந்தச் சாற்றில் பொட்டாசியம் கணிசமாக உண்டு. அத்துடன் சியாட்டின், இண்டோல் அசிட்டிக் அமிலம் ஆகிய வளர்ச்சி ஹார்மோன்களும் கிளைசின் பீட்டைனும் உள்ளன. மானாவாரி சோயாபீனில் செய்த, 2009-இல் வெளிவந்த ஆய்வில் 15 சதவீதச் சாறு தெளித்த பாத்திகள் வெறும் தண்ணீர் தெளித்தவற்றைவிட 57 சதவீதம் அதிக மணிகளைத் தந்தன. இந்த எண்ணை அப்படியே எல்லா வயலுக்கும் பெருக்கிக்கொள்ளக் கூடாது. ஒரு பயிர், ஒரு மண், ஒரு பருவத்தின் விடை அது. கரையிலும் இந்தப் பாசி சிக்கலற்றதல்ல. தெப்பத்திலிருந்து அறுந்த துண்டுகள் குருசடைத் தீவருகே பவளப்பாறைகள்மேல் படர்ந்ததை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் பதிவு செய்தார்கள். வயலுக்கு நன்மை செய்யும் சாற்றுக்காகக் கடலில் பவளத்தை இழப்பது நல்ல கணக்காகாது; வளர்க்கும் இடத்தைத் தேர்வதில் கவனம் தேவை.

மட்கு, முருங்கை, தேங்காய்

ஹ்யூமிக் அமிலங்கள் மண்ணோடு தொடர்புடையவை. இலைதழைகள் மட்கி மட்கிக் கடைசியில் எஞ்சும் கரும்பழுப்புப் பொருளில் இவை இருக்கின்றன. சந்தைக்கு வருபவை பெரும்பாலும் லியோனார்டைட் எனும் பழுப்பு நிலக்கரி வகையிலிருந்து எடுக்கப்படுகின்றன. மண்புழு உரத்திலும் உண்டு. மண்புழு உரத்து ஹ்யூமிக் அமிலம் மக்காச்சோள வேரில் என்ன செய்கிறது என்பதை 2002-இல் பிரேசில் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். வேர்ச் செல்சவ்வில் ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும் நொதி ஒன்று இருக்கிறது. அது முடுக்கப்படும்போது வேரைச் சுற்றிய மண் சற்றே அமிலமாகிறது, செல்சுவர் இளகி நீள்கிறது, பக்கவேர்கள் புறப்படுகின்றன, சத்துகளை உள்ளே இழுக்கும் மின்னழுத்தமும் கூடுகிறது. வறட்சியில் ஆழமாகவும் அடர்த்தியாகவும் வேர் ஓடியிருக்கும் செடிக்கு உள்ள சாதகத்தைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

அமினோ அமிலக் கலவைகள் இன்னொரு வகை. தோல், மீன் கழிவு, பயறு வகைகளின் புரதத்தை நொதியாலோ அமிலத்தாலோ உடைத்துப் பெறுகிறார்கள். நெருக்கடிக்கு உள்ளான செடி, ப்ரோலின் போன்றவற்றைத் தானே தயாரிக்கச் செலவிடும் ஆற்றலை இவை ஓரளவு மிச்சப்படுத்துகின்றன. புரதத்தை உடைக்கும்போது கிடைக்கும் சிறு பெப்டைடு துண்டுகள் சைகைப் பொருள்களாகவும் செயல்படுகின்றன. அமிலத்தில் வேகவைத்துப் பெற்ற கலவையில் உப்பு மிகுந்திருக்கலாம் என்பது கவனிக்க வேண்டியது. உவரைத் தாங்கத் தெளிப்பதே உவராகிவிடக் கூடாது.

முருங்கை இலைச் சாற்றின் பெருமையை வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னவர்கள் நடு அமெரிக்காவின் நிகராகுவாவில் ஆராய்ந்த நிக்கோலாஸ் ஃபாய்டல் குழுவினர். இளம் இலையைப் பிழிந்த சாற்றில் சியாட்டின் என்னும் சைட்டோகைனின் நிறைந்திருப்பதையும், அதை நீர்க்கத் தெளித்தால் பல பயிர்களில் 20 முதல் 35 சதவீதம் வரை விளைச்சல் கூடுவதையும் அவர்கள் 2001 வாக்கில் எழுதினார்கள். சைட்டோகைனின் இலை மூப்படைவதைத் தள்ளிப்போடும். வறட்சியும் வெப்பமும் இலையை அகாலத்தில் பழுக்கவைப்பதால், பச்சை சில நாள் கூடுதலாக நிற்பதே கதிர் நிறைய உதவுகிறது. பின்வந்த ஆய்வுகளில் ஒரு பங்கு சாற்றுக்கு 30 பங்கு தண்ணீர் என்ற அளவு பரவலாகப் பின்பற்றப்பட்டது. பிழிந்த சாறு சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். அன்றே தெளித்துவிட வேண்டும். வீட்டு வாசலில் முருங்கை நிற்கும் ஊர்களில் இதைவிட மலிவான உயிரூக்கி கிடைப்பது கடினம்.

சைட்டோகைனின் கண்டுபிடிப்பின் வரலாற்றில் தேங்காய்க்கும் பங்கு உண்டு. 1941-இல் தாவர உடலியல் அறிஞர் வான் ஓவர்பீக் குழுவினர், ஊமத்தையின் மிக இளம் கருக்களைக் குடுவையில் வளர்க்க முயன்றபோது எந்த ஊட்டக் கரைசலும் பலிக்கவில்லை; தேங்காய்த் தண்ணீர் சேர்த்ததும் வளர்ந்தன. அதில் இருந்தது என்ன என்ற தேடலே செல் பிரிதலைத் தூண்டும் பொருள்களுக்கு இட்டுச்சென்றது. 1963-இல் முற்றாத மக்காச்சோள மணிகளிலிருந்து சியாட்டின் பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர் தேங்காய்த் தண்ணீரிலும் அதன் வடிவம் ஒன்று உறுதியாயிற்று. தேங்காய்ப்பாலையும் மோரையும் ஊறவைத்து உழவர்கள் தெளிக்கும் தேமோர் கரைசலும், கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பரப்பிய, பத்து லிட்டர் டேங்குக்கு 300 மில்லி வீதம் தெளிக்கப்படும் பஞ்சகவ்யமும் இதே குடும்பத்தில் சேரத்தக்கவை. நொதித்தலில் உருவாகும் இவற்றின் சேர்மானம் பானைக்குப் பானை மாறும். ஒரு தோட்டத்தில் அற்புதமாகப் பலித்தது பக்கத்துத் தோட்டத்தில் சாதாரணமாகப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உயிருள்ள ஊக்கிகள்

இலையின் மேற்பரப்பு வெறும் இடமல்ல. வளரும் இலையில் செல்சுவரின் பெக்டின் மாற்றமடையும்போது மெத்தனால் ஆவியாக வெளியேறுகிறது. அந்த மெத்தனாலை உண்டு வாழும் மெத்திலோபாக்டீரியம் என்ற இளஞ்சிவப்பு நிற பாக்டீரியாக்கள் இலைத்துளைகளைச் சுற்றிக் குடியிருக்கின்றன. கரோட்டினாய்டு நிறமி இருப்பதால் அவை வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்கும். வாடகைபோல் அவை செடிக்குத் தருவது சைட்டோகைனினும் ஆக்சினும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இவற்றைப் பி.பி.எஃப்.எம். என்ற பெயரில் வறட்சி தாங்கும் திரவமாகப் பரிந்துரைக்கிறது. 1 சதவீதக் கரைசலாக, அதாவது லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி கலந்து, காலையிலோ மாலையிலோ தெளிப்பார்கள். உயிருள்ள பாக்டீரியா என்பதால் பூச்சிமருந்து, பூசணமருந்தோடு கலக்கக் கூடாது. மருந்தடித்த டேங்கைக் கழுவாமல் ஊற்றினாலும் வீண்தான்.

வேரடியில் வேறொரு கூட்டம். நெருக்கடியில் இருக்கும் செடி எத்திலீன் வாயுவை அதிகமாகச் சுரக்கும். வேர் வளர்ச்சி முடங்கும், பூவும் பிஞ்சும் உதிரும். எத்திலீனுக்கு மூலப்பொருளான ஏ.சி.சி. வேரிலிருந்து மண்ணுக்கும் கசிகிறது. சூடோமோனாஸ் இனத்தின் சில வகைகள் உள்ளிட்ட வேரண்டை பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக உடைத்துத் தங்களுக்குத் தழைச்சத்தாக்கிக்கொள்கின்றன. மண்ணில் ஏ.சி.சி. குறையக் குறைய வேருக்குள் இருப்பதும் வெளியே கசிகிறது; எத்திலீன் உற்பத்தி தணிகிறது. பாக்டீரியா தன் பசிக்காகச் செய்வது செடிக்கு ஆறுதலாகிறது. கனடாவின் பெர்னார்டு கிளிக் 1998-இல் முன்வைத்த இந்த விளக்கம், உவர்நிலப் பயிர்களில் பலமுறை சோதித்து உறுதிப்படுத்தப்பட்டது.

இவற்றில் மிகப் பழைய உறவு வேர்ப்பூசணத்தோடு ஆனது. கடைகளில் ‘வேம்’ என்பார்கள். ஸ்காட்லாந்தின் ரைனி பாறைகளில் கிடைத்த, ஏறக்குறைய 40 கோடி ஆண்டு பழைய செடிகளின் புதைபடிவத்திலேயே இந்தப் பூசணத்தின் கிளைத்த உறிஞ்சுறுப்புகள் தெரிகின்றன. செடிகள் நீரிலிருந்து தரையேறியதே இதன் துணையோடுதான் என்பது அறிவியலாளர்களின் கணிப்பு. நிலத்தாவரங்களில் பெரும்பான்மை இன்றும் இந்த உறவைத் தொடர்கின்றன. பூசண இழை வேர்த்தூவியைவிடப் பலமடங்கு மெல்லியது. வேர்த்தூவி நுழையமுடியாத மண் நுண்துளைகளில் புகுந்து, கடைசியாக எஞ்சும் ஈரத்தையும் மணிச்சத்தையும் எடுத்து வருகிறது. உவர்நிலத்தில் பொட்டாசியத்தைக் கூட்டிச் சோடியத்தைக் குறைத்து அனுப்பும் வடிகட்டியாகவும் உதவுகிறது. கைம்மாறாகச் செடி சர்க்கரையும் கொழுப்பும் தருகிறது. சூப்பர் பாஸ்பேட் அள்ளிக் கொட்டிய நிலத்தில் செடி இந்த உறவையே துண்டித்துக்கொள்ளும். வேண்டியது இலவசமாகக் கிடைக்கும்போது சர்க்கரை கொடுத்து வாங்குவானேன்? கடுகு, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் குடும்பப் பயிர்களுக்கு வேம் இட்டுப் பயனில்லை, அவை இந்தப் பூசணத்தை ஏற்பதே இல்லை. நீர் தேங்கி நிற்கும் நெல்வயலிலும் அது அதிகம் தழைக்காது. இதைச் சொல்லாமல் எல்லாப் பயிருக்கும் ஒரே பொட்டலத்தை விற்பது நேர்மையல்ல.

எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், திறந்தவெளி வயல்களில் நடந்த 180 ஆய்வுகளைத் தொகுத்து அலசி, 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லா வகை உயிரூக்கிகளும் சேர்ந்து சராசரியாக 17.9 சதவீதம் கூடுதல் விளைச்சல் தந்திருந்தன. சராசரியைவிட அதன் பரவல்தான் படிக்கத்தக்கது. வறண்ட தட்பவெப்பம், கரிமச்சத்து குறைந்த மண், உவர்மண், மணற்பாங்கான மண், சத்துக் குறைந்த மண் ஆகிய இடங்களில் பயன் அதிகம்; காய்கறிப் பயிர்களிலும் அதிகம். வளமான மண்ணில், வேண்டிய நீர் கிடைக்கும் வயலில் பயன் சுருங்கியது. இது எதிர்பார்க்கத்தக்கதே. நெருக்கடி இல்லாத இடத்தில் முன்னெச்சரிக்கைக்கு வேலை இல்லை. தோல்வியுற்ற சோதனைகள் ஆய்விதழ்களுக்கு வருவது அரிது என்பதையும் சேர்த்து எண்ணினால், விளம்பரங்கள் சொல்லும் எண்களைப் பாதியாகக் குறைத்துக் கேட்பது உழவருக்கு நல்லது.

பலன் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் காலத்தையும் அளவையும் பொறுத்தது. செடி துவண்டு, இலை சுருண்ட பிறகு தெளிப்பது காலம் கடந்த வேலை: மூடிய இலைத்துளைகளும் காய்ந்து தடித்த இலைமேல் மெழுகும் எதையும் உள்ளே விடாது. தண்ணீர் முறை தவறும் என்று தெரிந்தவுடன், அல்லது பூக்கும் பருவம் வெயிலில் மாட்டும் என்று கணித்தவுடன், சில நாள் முன்பே கொடுக்க வேண்டும். நெல்லுக்குக் கதிர் உருவாகும் பருவமும் பூக்கும் பருவமும், பயறு வகைகளுக்குப் பூ எடுக்கும் தருணமும் முக்கியமானவை. விதை நேர்த்தியாகவும் வேர் நனைப்பாகவும் கொடுக்கத்தக்கவற்றை விதைப்பிலும் நடவிலுமே கொடுத்துவிடுவது மேல். அளவைக் கூட்டினால் பயன் கூடாது. ஓர் எல்லைக்கு மேல் தலைகீழாகும். செடியைத் தட்டி எழுப்பும் அதே பொருள் மிகுந்தால் வளர்ச்சிக்குப் போக வேண்டிய ஆற்றலெல்லாம் தற்காப்புக்கே செலவாகி, பயிர் குறுகி நிற்கும். தண்ணீருக்கும் எருவுக்கும் இவை மாற்றில்லை. முற்றிலும் காய்ந்த மண்ணில் எந்தச் சாறும் ஒரு பயிரைப் பிழைக்க வைத்ததில்லை.

நெடுங்காலம் இவை எந்தச் சட்டத்துக்குள்ளும் அடங்காமல் விற்பனையாகின. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் நிறைவேற்றி 2022 ஜூலை முதல் நடைமுறைப்படுத்திய உர விதிகளில் உயிரூக்கிகளைத் தனி வகையாகச் சேர்த்தது. இந்தியா 2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தி அவற்றை அதன்கீழ்க் கொண்டுவந்தது. தாவர, கடற்பாசிச் சாறுகள், உயிர்வேதிப் பொருள்கள், புரதக் கலவைகளும் அமினோ அமிலங்களும், வைட்டமின்கள், செல் நீக்கிய நுண்ணுயிர்ப் பொருள்கள், ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள், நீராவிப்போக்குத் தடுப்பிகள், ஹ்யூமிக், ஃபல்விக் அமிலங்கள் என எட்டு வகைகள் வரையறுக்கப்பட்டன. பூச்சிக்கொல்லி எச்சம் 0.01 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்பதும் அதன் விதி. சாறு என்ற பெயரில் செயற்கை ஹார்மோனையோ பூச்சிமருந்தையோ கலந்து விற்பதைத் தடுப்பதே இதன் நோக்கம். ஒரே தெளிப்பில் வயல் இரண்டு நாளில் விறுவிறுவென்று நெடுநெடுப்பாக வளர்ந்தால் மகிழ்வதைவிட ஐயப்படுவது சரி. இயற்கை உயிரூக்கி அப்படிக் கண்ணைப் பறிக்கும் வேலை செய்வதில்லை.

வாங்கும்போது சிப்பத்தில் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படியான விவரங்கள், சேர்மானம், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி ஆகியவை இருக்கின்றனவா என்று உழவர்கள் பார்க்க வேண்டும். ரசீது கேட்டு வாங்க வேண்டும். தெளிக்கும் நாளில் வயலின் நடுவே இரண்டு மூன்று வரிசைகளுக்கு அதே டேங்கால் வெறும் தண்ணீரை மட்டும் தெளித்துக் குச்சி நட்டு வையுங்கள். அறுவடையில் அந்த வரிசைகளின் மகசூலைத் தனியாக எடை போட்டுப் பாருங்கள். அடுத்த பருவத்துக்கு அந்தத் திரவத்தை வாங்குவதா வேண்டாமா என்பதை அந்த எடையே சொல்லிவிடும்.